பாலம் கொடுத்தவரை எட்டாம் வகுப்பு விசாரித்தது

எழுதத் தெரியாதவள் எழுத வந்திருக்கிறேன், முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளிக்கூட மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, வழக்கம்போல் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளத்தான் நினைத்தேன். வகுப்பில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் நான். உங்களில் சிலருக்கு என் முகம் நினைவிருக்கலாம், குரல் நினைவிருக்காது. பத்தாவதோடு நின்றுவிட்டேன். இப்போது குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை. குழுவில் வக்கீல் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், பேங்க்கில் இருப்பவர் இருக்கிறார். அவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆனால் அந்த மழைக்காலத்தைப் பற்றி நீங்கள் எழுதினால் பாதிதான் வரும். மீதிப் பாதி நடந்த இடத்தில் நான் மட்டும் இருந்தேன். அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். "உங்கப்பன் போயி வருசம் எத்தனையோ ஆச்சு. இனி எழுதினா என்னா, எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதப் போவதில்லை. படித்ததும் யார் யாரென்று உங்களுக்கே தெரியும்.

நம் ஊர் மழையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனி பிறந்தால் துணி காயாது. சீருடையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். காலையில் வகுப்புக்குள் நுழைந்தால் எல்லோர் மேலும் புகை வாசம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மேல் கொஞ்சம் கூடுதலாகவே வீசும். காரணம், எங்கள் எஸ்டேட் லயத்து வரிசையில் எல்லா வீட்டுக்கும் பின்னால் சாய்ப்பு இறக்கிக் குசினி போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. சிலோனிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வீடு கொடுத்தபோது, சமையலுக்கு ஒரு தடுப்பு கட்டிக்கொள்ளச் சொல்லி எஸ்டேட்டில் கற்பூர மரம் கொடுத்தார்கள். எங்கள் பங்கு மரம் எங்கே போனது என்று கேட்டால் அம்மா கரண்டியை ஓங்குவார். முன்னறையிலேயே அடுப்பு, அங்கேயே படுக்கை. ரொட்டி சுடும்போது கண்ணெரிச்சலில் எல்லோரும் வாசலில் நிற்போம். வாசலில் நின்றால் அட்டை ஏறும்.

அந்த ஆனியில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து வரலாற்று டீச்சர் வந்தார். கூடலூரில் அறை எடுத்துத் தங்கி தினமும் பஸ்ஸில் வருவார். எங்களையும் "வாங்க, போங்க" என்று பேசிய முதல் வாத்தியார் அவர்தான். எங்களுக்குக் கூச்சமாக இருக்கும், பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்ப்போம்.

ஊட்டியில் மாவட்டக் கண்காட்சி. "கொடையாளர் வாழ்க்கை" என்பது தலைப்பு. ஒவ்வொரு பள்ளியும் ஒரு வள்ளலைப் பற்றி விசாரித்து, சார்ட்டில் எழுதி, நடுவருக்கு விளக்க வேண்டும். தலைமையாசிரியர் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினார். டீச்சர் அதை மூடி வைத்தார்.

"புஸ்தகத்துல இருக்கறவங்கள எல்லாப் பள்ளிக்கோடத்துக்காரங்களும் கொண்டு வருவாங்க சார். நம்ம பிள்ளைங்க தெனமும் யாரு குடுத்ததுல கால வெச்சு இங்க வர்றாங்க?"

எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்: பாலம்.

லயத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் ஓடும் ஆற்றின் மேலிருந்த மரப்பாலம்தான். இப்போது அங்கே சிமெண்டில் வந்துவிட்டது, பழையதை இன்றைய பிள்ளைகள் பார்த்ததே இல்லை. கடைவீதி மரக்கடை முதலாளி தன் சொந்தச் செலவில் கட்டிக் கொடுத்தது. அதற்கு முன்னால் மழைக்காலம் முழுக்க லயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது, நோயாளிக்கு ஆஸ்பத்திரி கிடையாது. முதலாளி அப்போதே காலமாகிவிட்டார். முதலாளியம்மா மட்டும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் இருந்தார்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டிக்குப் போயி ஒரு மரக்கடைக்காரரையா காட்டப் போறீங்க?" என்றார் தலைமையாசிரியர். "எறும்பு ஊருனா மேட்டுப்பாளையம் ரோடு தேயுமா?"

"ஊரட்டுமுங்க சார், பாப்போம்" என்றார் டீச்சர்.

மூன்று பேரை அவர் தேர்ந்தெடுத்தார். டீக்கடைக்காரர் மகள், பேசுவதற்கு. கணக்கப்பிள்ளை மகன், எழுத்து அழகு என்பதால். மூன்றாவதாக என்னை. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர் மகள் என் காதில், "நீ எதுக்குப் புள்ள? சார்ட்டுக்கு ஆணி பிடிக்கவா?" என்றாள். குழுவில் இதைப் படிக்கும்போது அவள் சிரிப்பாள் என்று தெரியும்.

விசாரிப்பதற்கு டீச்சர் மூன்று விதி சொன்னார். ஒரு விஷயத்தை ஒருவர் சொன்னால் போதாது, மூன்று வாயில் கேட்க வேண்டும். நாமாக நினைத்ததை எழுதக் கூடாது. மூன்றாவதுதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. "அவரைப் புடிக்காத ஒருத்தரையும் கண்டுபுடிச்சுக் கேக்கோணும். புடிச்சவங்க சொல்றதை மட்டும் கேட்டா அது கலியாண வீட்டுப் பேச்சுங்க கண்ணு."

முதல் வாரம் திருவிழாதான். பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனோம். முதலாளி வெற்றிலை போடுவார் என்றார்கள், போடவே மாட்டார் என்றார்கள். கோபக்காரர் என்றார்கள், கோபமே வராது என்றார்கள். முதலாளியம்மா அவருடைய போட்டோவையும், மரம் அளக்கிற தோலுறை போட்ட டேப்பையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். அந்த டேப்பை இழுத்துவிட்டால் விர்ரென்று உள்ளே ஓடும். கணக்கப்பிள்ளை மகன் நாள் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தான்.

பிடிக்காதவர்தான் கிடைக்கவில்லை. கடைசியில் எஸ்டேட் காவல்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, என்னைக் காட்டிச் சொன்னார்: "அந்தாளப் புடிக்காதவன எங்க தேடுறீங்க? இந்தப் புள்ளயோட அப்பன்தான். பாலத்துல கால வச்சு யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பா பாலத்தில் ஏற மாட்டார். வெயில் காலத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கிப் போவார். மழையில் ஃபேக்டரி ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் கிளம்பி எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்வார். அது அவருடைய பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். சில அப்பாக்கள் மீசை வைப்பதுபோல.

காவல்காரர் காரணமும் சொன்னார். குசினி கட்டக் கொடுத்த மரத்தை அப்பா மரக்கடை முதலாளிக்கு விற்றுவிட்டாராம். விலையில் முதலாளி ஏமாற்றிவிட்டாராம். அந்தக் கோபத்தில்தான் பாலத்தை மிதிப்பதில்லையாம். டீக்கடையில் கேட்டோம், அதே கதை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கேட்டோம். "வித்துக் குடிச்சிட்டு வீம்பு வேற" என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "நீ மனசுல வச்சிக்காத தங்கம்" என்று ஒரு கை வறுத்த பலாக்கொட்டை கொடுத்தார்.

மூன்று வாய் ஆகிவிட்டது. டீக்கடைக்காரர் மகள் விதிப்படி எழுதச் சொன்னாள்: முதலாளி ஒரு தொழிலாளியின் மரத்தை ஏமாற்றி வாங்கினார். கணக்கப்பிள்ளை மகன் ஸ்கெட்ச் பேனாவைத் திறந்தான். அந்த ஒரு வரி ஊட்டிச் சுவரில் தொங்கினால் முதலாளியம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? லயத்துக்குள் முணுமுணுத்தது எழுத்தாகிவிட்டால் அப்பா எங்கே போய் நிற்பார்? வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பேனா மூடியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். மூடி இல்லாமல் பேனா காய்ந்துவிடும் என்று அவன் கத்தினான்.

டீச்சர் வந்தார். மூன்று பேர் சொன்னதையும் படித்தார். "இந்தப் பெரியம்மாளுக்கு ஆருங்க சொன்னது?"

"டீக்கடையில."

"டீக்கடைக்காரருக்கு?"

டீக்கடைக்காரர் மகள் யோசித்தாள். "காவக்கார மாமா சொல்லித்தான் டீச்சர்."

"அப்ப வாய் மூணு இல்லீங்க, ஒண்ணுதான். சரி, காவக்காரர் என்னத்தப் பாத்தாரு?"

திரும்பவும் ஓடினோம். காவல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கப்பன் மரத்தத் தூக்கிக்கிட்டு மரக்கடைக்குப் போனத என் ரெண்டு கண்ணால பாத்தேன். கடைக்கு மரம் போனா வேற எதுக்குப் போகும், சாமி கும்பிடவா?"

டீச்சர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மரம் போனதைப் பாத்திருக்காரு. வித்ததைப் பாக்கல. அது அவரு நெனச்சது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க அப்பாவைக் கேட்டீங்களா கண்ணு?"

கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவை யாரும் எதுவும் கேட்பதில்லை. அன்று சாயங்காலம் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"கேக்குறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தா கொழுந்து யாரு எடுக்குறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதோடு பேச்சு முடிந்தது. அம்மாவைப் பார்த்தேன். "என்னைய ஏன் பாக்குற? நான் சொல்ல மாட்டேன்னு அந்த மனுசன் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்கு" என்று மாவைப் பிசைந்தார்.

சத்தியம் என்றதும்தான் இதில் விற்றதைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. மறுநாள் பள்ளி விட்டதும், மற்ற இருவருக்கும் சொல்லாமல், நான் ஒருத்தியே முதலாளியம்மா வீட்டுக்குப் போனேன். வாழ்க்கையில் நான் தனியாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"ஆரா அது? இந்த மழையத்து ஒற்றைக்கா வந்தது? கேறி வா மோளே, இரி" என்று மலையாளத்தில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார் முதலாளியம்மா.

ஈரமான மரத்தூள் வாசம் அந்த வீடு முழுக்க இருந்தது. பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார். நான் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: விற்றது, ஏமாற்றியது, பாலம், சார்ட்.

முதலாளியம்மா எழுந்து நின்றுவிட்டார். "என்டெ ஆளு ஒரு ஆளையும் ஏமாத்தினது இல்ல மோளே. நின்டெ அச்சன் அப்படிப் பறஞ்சோ?"

"இல்லை. அப்பா ஒண்ணுமே சொல்லலை. ஊரில் சொல்றாங்க."

பிறகு உட்கார்ந்தார். "ஆர்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நின்டெ அச்சனுக்கு வாக்கு குடுத்தது என்டெ ஆளு. ஞான் வாக்கு குடுக்கலல்லோ. கேட்டோ."

அவர் சொன்னது இது. பாலம் பாதியில் நின்றபோது மழை நெருங்கிவிட்டது. மலைப்பாதைச் சுரத்தில் மண் சரிந்து லாரி ஏறவில்லை. நீளமான உத்தரம் இரண்டு குறைந்தது. அவை இல்லாவிட்டால் அந்த மழைக்கும் பாலம் இல்லை. அப்போது அப்பா தன் பங்கு மரத்தை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் போட்டார். விலை பேசிய முதலாளியிடம் வேண்டாம் என்றார். வேறு மரம் வந்ததும் திருப்பித் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றார். அதற்கு முந்தின மழையில் என் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சளவு தண்ணீரில் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். நடு ஆற்றில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம்: பிள்ளை பிழைத்தால் இந்த ஆற்றுக்கு ஒரு வழி செய்து கொடுக்கிறேன் என்று. கூலிக்காரர் எங்கே பாலம் கட்டுவது? முதலாளி கட்டத் தொடங்கியதும் தன் கடனைத் தீர்க்க அம்மன் காட்டிய இடம் என்று எடுத்துக்கொண்டார்.

பாலத்தில் ஏறாததற்கு நான் விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நம் லயத்தில் வளர்ந்த உங்களுக்கும் வேண்டாம். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டின் கறியை நேர்ந்தவர் தொட மாட்டார். ஊரே சாப்பிடலாம், அவர் கூடாது. அவ்வளவுதான். ஆட்டுக்கு இந்த வழக்கம் தெரிந்த ஊருக்கு, பாலத்துக்கும் அதுதான் என்று தோன்றவே இல்லை. மிதிக்காதவன் வெறுக்கிறான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நானும்தான்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்றேன். கீழே செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நனைந்துபோன கைப்பிடிக் கட்டையைத் தடவிப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ப் புகையில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் எரிந்தது, ஆனால் வாசலுக்குப் போகவில்லை.

அப்பாவிடம், "முதலாளியம்மா சொல்லிட்டாங்க. சார்ட்டில் உங்க பேரைப் போடப் போறோம்" என்றேன். அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதில்லை.

அவர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "பேரு போட்டா நான் மரத்தத் திருப்பி வாங்குன மாதிரி ஆயிரும் புள்ள" என்றார். ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "முதலாளி ஏமாத்துனாருன்னு மட்டும் எழுதிறாதீங்க. நல்ல மனுசன், பாவம்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அன்று அவர் தட்டில் ஒரு ரொட்டி கூடுதலாக விழுந்தது.

மற்ற இருவரிடமும் சொன்னேன். "எங்கப்பா வாய்க்கு இன்னிக்கு இருக்கு" என்றாள் டீக்கடைக்காரர் மகள். அவள் என்ன சொன்னாளோ, அந்தக் கதையை டீக்கடையில் அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. சார்ட்டில் கணக்கப்பிள்ளை மகன் தன் அழகான எழுத்தில் எழுதினான்: "பாலத்தின் உத்தரங்களில் இரண்டை ஒரு தொழிலாளி கொடுத்தார். விலை பெறவில்லை. தன் பெயரைச் சொல்ல அவர் விரும்பவில்லை."

கண்காட்சிக்கு முதல் பஸ். நடுவட்டத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கணக்கப்பிள்ளை மகன் வாந்தி எடுத்தான், சார்ட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஊட்டிக் குளிர் வேறு மாதிரி. நம் ஊர்க் குளிர் நனைக்கும், அது கடிக்கும். மண்டபத்தில் மற்றப் பள்ளிப் பிள்ளைகள் ஷூ போட்டிருந்தார்கள். அவர்கள் சார்ட்டுகளில் தலைப்பாகை கட்டியவர்கள், கோட்டுப் போட்டவர்கள். எங்கள் மேஜையில் ஒரு பழைய டேப்பும் ஒரு போட்டோவும்.

நடுவர் கல்லூரிப் பேராசிரியர். எங்கள் மேஜையில் நின்றவர் நகரவில்லை. டீக்கடைக்காரர் மகள் மூன்று விதியையும் சொன்னாள். பிடிக்காதவரைத் தேடிப் போனதையும், மூன்று வாய் ஒரு வாயானதையும் சொன்னாள். "காலேஜுல என் பசங்களுக்கே இது வராது" என்று அவர் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். எங்களுக்குத்தான் பரிசு என்று பக்கத்து மேஜைக்காரர்களே நினைத்தார்கள்.

பிறகு அந்த வரிக்கு வந்தார். "யாரு இந்தத் தொழிலாளி?"

"தெரியுங்க சார். சொல்ல மாட்டோம்" என்றாள் டீக்கடைக்காரர் மகள்.

"ஆராய்ச்சின்னா கண்டுபிடிச்சதைச் சொல்லணும்மா. பேர் இல்லைன்னா உண்மையா கதையான்னு நான் எப்படி மார்க் போடுறது?" கணக்கப்பிள்ளை மகனைக் கேட்டார். அவன் கூரையைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தார். "எனக்குந் தெரியாதுங்க சார். பிள்ளைங்க சொல்லல, நானும் கேக்கல" என்றார் டீச்சர். கடைசியில் என்னிடம் வந்தார். "நீ ஒண்ணுமே பேசலையே. நீ சொல்லு."

'எங்கப்பா' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விற்றுக் குடித்தவன் என்று சொன்ன அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அந்த மண்டபத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. என் கூட்டாளிகள் இருவரும் என்னையே பார்த்தார்கள். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என்னிடமே விட்டுவிட்டார்கள்.

"அவருக்கு வேண்டாங்களாம் சார்" என்றேன்.

நடுவர் பேனாவை மூடிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். பரிசு பெர்ன்ஹில்லிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கு. டீச்சர் எங்களுக்குச் சூடாக வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மடியெல்லாம் தூள் உதிர உதிரத் தின்றோம். டீக்கடைக்காரர் மகள் தன் பங்கில் பாதியை உடைத்து என் கையில் வைத்துவிட்டு, "ஆணி நல்லாத்தான் பிடிச்ச புள்ள" என்றாள்.

எனக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. எத்தனையோ நல்லது கெட்டது பார்த்தாகிவிட்டது. ஆனாலும் பெருமை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்த மண்டபம்தான் நினைவுக்கு வருகிறது. பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் என் அப்பாவுக்காக வாயை மூடிக்கொண்ட நீங்கள் இரண்டு பேரும் நினைவுக்கு வருகிறீர்கள். இதுவரை உங்களிடம் இதைச் சொன்னதில்லை.

மறுநாள் அந்தச் சார்ட்டை எட்டாம் வகுப்புச் சுவரில் மாட்டினார்கள். தலைமையாசிரியர் வந்து நின்று முழுவதையும் படித்துவிட்டுப் போனார். பிறகு கணக்குப் பாடம் நடந்தது.